வேளாண் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையும் ஆசிரியர் தேவையும்

உணவு உற்பத்தியில் நாடு தன்னிறைவை நோக்கி முன்னேறியதற்குப் பாசனம், வீரிய விதை, இரசாயன உரம் ஆகியவை காரணமாயின என்பது அனைவரும் அறிந்ததே. இவற்றை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து உழவரின் வயலுக்குக் கொண்டு சென்ற பயிற்சி பெற்ற மனிதசக்தி, வேளாண் கல்லூரிகளில் உருவானது. ஒரு கல்லூரியில் ஆண்டுதோறும் எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம், அவர்களைப் பயிற்றுவிக்க எத்தனை ஆசிரியர்கள் வேண்டும் என்னும் வினாக்கள் இதனாலேயே திட்டமிடலில் முக்கியத்துவம் பெறுகின்றன. இவ்விரு வினாக்களையும் தனித்தனியே எழுப்பித் தனித்தனியே விடை காணும் வழக்கம் ஏற்படுத்தும் விளைவுகளையும், இரண்டையும் சேர்த்து மதிப்பிடும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒரு முரண்பாட்டைச் சுட்டிக் காட்டியது. நாட்டின் பல்கலைக்கழகங்களுள் ஏறத்தாழ 9 சதவீதம் வேளாண் பல்கலைக்கழகங்கள். ஆயினும் உயர்கல்வி பயிலும் மாணவர்களுள் வேளாண்மையும் அதனைச் சார்ந்த பாடங்களும் பயில்வோர் 1 சதவீதத்திற்கும் குறைவு. இப்புள்ளிவிவரத்தைக் காண்போருக்கு, இருக்கும் கல்லூரிகளிலேயே இடங்களைப் பெருக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. இடங்களை உயர்த்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் எந்த அளவுக்கு, எந்த நிபந்தனையின் பேரில் உயர்த்துவது என்பது கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டியதாகும்.

வரலாற்றுப் பின்னணி

சுதந்திரத்திற்குப் பின் 1948-49-இல் பணியாற்றிய டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, கிராமப்புறப் பல்கலைக்கழகங்களை நிறுவ வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் நிலக்கொடைக் கல்லூரிகளை முன்மாதிரியாகக் கொண்ட முதல் வேளாண் பல்கலைக்கழகம் அன்றைய உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியிலிருந்த பந்த்நகரில் அமைந்தது. 1960 நவம்பர் 17-ஆம் நாள் பிரதமர் நேரு அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1962-இல் லூதியானாவிலும் புவனேசுவரத்திலும், 1964-இல் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் ஜபல்பூரிலும், 1970-இல் ஹிசாரிலும், 1971-இல் கோயம்புத்தூரிலும் இத்தகைய பல்கலைக்கழகங்கள் தொடங்கின. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு வேளாண் பல்கலைக்கழகமாவது வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-இல் கூறியது. இன்று மாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை 60-ஐத் தாண்டிவிட்டது.

இவ்வரலாற்றில் இரு செய்திகள் நம் ஆய்வுக்குரியவை. முதலாவதாக, இந்த முன்மாதிரியில் கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்று பணிகளும் ஒரே நிறுவனத்திடம், பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம், ஒப்படைக்கப்பட்டன. காலையில் வகுப்பு நடத்தும் பயிர் நோயியல் ஆசிரியர் பிற்பகலில் ஆராய்ச்சித் திட்டத்தின் பொறுப்பாளராகவும், வார இறுதியில் உழவர் பயிற்சியின் பேச்சாளராகவும் இருக்கிறார். இரண்டாவதாக, குறுகிய கால இடைவெளியில் பல பல்கலைக்கழகங்கள் தோன்றியதால் ஆசிரியர்களும் பெருந்தொகையினராக ஒரே காலத்தில் நியமிக்கப்பட்டனர். ஒரே காலத்தில் பணியில் சேர்ந்தோர் ஒரே காலத்தில் ஓய்வு பெறுவர். அவ்விடங்களை நிரப்புவதற்குரிய கால அட்டவணை முன்கூட்டியே வகுக்கப்படாத இடங்களில் காலிப் பணியிடங்கள் சேர்ந்துவிடுவது தவிர்க்க முடியாததாகும்.

முடிவெடுக்கும் இடங்கள்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 14-ஆம் இனம், வேளாண் கல்வியையும் ஆராய்ச்சியையும் உள்ளடக்கிய வேளாண்மையை மாநிலங்களின் பொறுப்பாக வைத்துள்ளது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் பாடத்திட்டத்தையும் குறைந்தபட்சத் தர அளவுகளையும் வகுக்கிறது. வளர்ச்சி மானியம் அளிக்கிறது. தர அங்கீகாரம் வழங்குகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பணியிடங்களைத் தோற்றுவிப்பதும், ஊதியத்தின் பெரும்பகுதியைத் தாங்குவதும் மாநில அரசுகளே.

நடைமுறையில், எத்தனை மாணவர்களைச் சேர்ப்பது என்ற கோப்பு பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவில் முடிகிறது. எத்தனை ஆசிரியர்களை நியமிப்பது என்ற கோப்பு மாநில நிதித் துறையில் முடிகிறது. முதல் கோப்புக்கு ஒரு பருவம் போதும். இரண்டாவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். இடங்கள் உயர்ந்து ஆசிரியர் எண்ணிக்கை தேங்கி நிற்கும் நிலைக்கு எவருடைய கவனக்குறைவையும்விட இந்த ஏற்பாடே பெரிதும் காரணம் எனலாம்.

விகிதம் எதை மறைக்கிறது?

கல்லூரியின் போதுமைத் தன்மையை அளக்க ஆசிரியர்-மாணவர் விகிதமே வழக்கமாகக் கையாளப்படுகிறது. கலைக் கல்லூரிக்கு இவ்வளவுகோல் ஓரளவு பொருந்தும். வேளாண் கல்லூரிக்கு இது மட்டும் போதாது. விரிவுரை வகுப்பில் 60 பேருக்குச் சொல்லும் பாடத்தை, அரங்கம் பெரிதாக இருப்பின், 120 பேருக்கும் அதே ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் மண் மாதிரி எடுப்பதையோ, ஒட்டுக் கட்டுவதையோ, நெற்பூவில் மகரந்தத்தை நீக்கிக் கலப்பினம் செய்வதையோ 60 பேருக்கு ஒரே நேரத்தில் ஓர் ஆசிரியர் கற்றுத்தர இயலாது. முன்வரிசையில் நிற்கும் பத்துப் பேர் செய்வர், எஞ்சியோர் பார்ப்பர், பின்வரிசையினர் பார்ப்பதும் அரிது. ஆகவே ஆசிரியர் தேவையை மாணவர் தலைக் கணக்காக அல்லாமல், வாரத்திற்கு எத்தனை மணி நேரக் கற்பித்தல் தேவை என்று கணக்கிடுவதே பொருத்தமாகும்.

கணக்கிடும் முறை

வேளாண் பட்டப் படிப்பில் ஒவ்வொரு பாடமும் கிரெடிட் எனப்படும் பாட அலகுகளில் அளக்கப்படுகிறது. ஒரு பாடத்திற்கு எதிரே 2+1 என்று குறிக்கப்பட்டிருந்தால், வாரத்திற்கு இரண்டு அலகு விரிவுரை, ஓர் அலகு செய்முறை என்று பொருள். விரிவுரையில் ஓர் அலகு ஒரு மணி நேரம். செய்முறையில் ஓர் அலகு குறைந்தது இரண்டு மணி நேரம். எனவே 2+1 பாடம் மாணவனுக்கு மூன்று அலகு. ஆசிரியருக்கோ நான்கு மணி நேரம். மாணவர்களை இரு செய்முறைப் பிரிவுகளாகப் பிரித்தால் ஆறு மணி நேரம்.

விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60 பேர் சேர்க்கப்படுகின்றனர், நான்காண்டுப் படிப்பு, மொத்தம் 240 மாணவர்கள். முதல் மூன்று ஆண்டினர் வகுப்பில் பயில்கின்றனர். நான்காம் ஆண்டினர் ஊரக வேளாண் பணி அனுபவத்திலும் தொழில்முனைவுப் பயிற்சியிலும் ஈடுபட்டிருக்கின்றனர். ஒவ்வொரு வகுப்பினருக்கும் ஒரு பருவத்தில் 14 அலகு விரிவுரையும் 8 அலகு செய்முறையும் உள்ளன என்று கொள்வோம். செய்முறைப் பிரிவு ஒன்றில் 30 பேர். இனிக் கணக்கைப் பார்க்கலாம்.

விரிவுரை: மூன்று வகுப்புகளுக்கு வாரம் 14 மணி வீதம் 42 மணி.

செய்முறை: பிரிவு ஒன்றுக்கு 16 மணி, வகுப்புக்கு இரு பிரிவுகள், மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்து 96 மணி.

நான்காம் ஆண்டு: பத்துப் பேர் கொண்ட 6 குழுக்கள், குழு ஒன்றின் மேற்பார்வைக்கு வாரம் 7 மணி வீதம் 42 மணி.

ஆக மொத்தம் வாரத்திற்கு 180 மணி நேரம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி நேரடிக் கற்பித்தலுக்கு உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணியும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணியும் செலவிட வேண்டும். சராசரி 15 மணி எனக் கொண்டால் 12 ஆசிரியர்கள் போதும் என்று தோன்றும். ஆனால் வேளாண் பல்கலைக்கழக ஆசிரியர் ஆராய்ச்சியையும் விரிவாக்கத்தையும் சேர்த்தே சுமக்கிறார். இளநிலை வகுப்புகளுக்கு அவரால் 10 மணி நேரமே ஒதுக்க இயலும் எனக் கொள்வது நடைமுறைக்கு ஒத்தது. அவ்வாறாயின் தேவை 18 ஆசிரியர்கள். முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் உள்ள கல்லூரியில் அவர்களுக்கான நேரத்தைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

சேர்க்கை உயரும்போது

இக்கல்லூரியில் ஆண்டுச் சேர்க்கை 60-லிருந்து 120 ஆக உயர்த்தப்படுவதாகவும், எல்லா ஆண்டுகளிலும் புதிய எண்ணிக்கை நிரம்பிவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். பெரிய அரங்கம் ஒன்று கட்டினால் விரிவுரைக்கு அதே 42 மணி போதும். செய்முறை 96-லிருந்து 192 மணியாகவும், நான்காம் ஆண்டு மேற்பார்வை 42-லிருந்து 84 மணியாகவும் உயரும். மொத்தம் 318 மணி. தேவை 32 ஆசிரியர்கள். இடைப்பட்ட நிலையாக 90 பேரைச் சேர்த்தால் 249 மணி. தேவை 25 ஆசிரியர்கள். அதாவது, ஆண்டுச் சேர்க்கையில் 30 இடங்களைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் 7 ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றனர்.

அரங்கம் கட்டப்பட்டு, ஆசிரியர்கள் 18 பேராகவே நின்றுவிட்டால் என்ன நேரும்? அவர்களிடம் இருப்பது 180 மணி நேரம். விரிவுரைக்கு 42 மணி போக எஞ்சுவது 138 மணி. செய்முறைக்கும் மேற்பார்வைக்கும் தேவைப்படுவதோ 276 மணி. சரிபாதி வெட்டப்படுகிறது. தேர்வு அட்டவணையில் இக்குறை தெரியாது. பட்டச் சான்றிதழிலும் தெரியாது. செய்முறை ஏட்டில் எல்லாப் பயிற்சிகளும் எழுதப்பட்டிருக்கும். பட்டம் பெற்றவர் முதல்முறையாக ஓர் உழவரின் நிலத்தில் நின்று, இலை மஞ்சளானதற்குச் சத்துக் குறைவு காரணமா, வேர் நோய் காரணமா என்று கூற வேண்டிய நேரத்தில்தான் அது வெளிப்படும். அதன் விலையைக் கொடுப்பவர் அந்த உழவரே.

காலிப் பணியிடங்கள்

முப்பது வயதையொட்டி முனைவர் பட்டத்துடன் பணியில் சேர்பவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பணியாற்றுகிறார். 18 பணியிடங்கள் உள்ள கல்லூரியில் சராசரியாக ஐந்தாண்டுக்கு 3 பேர் ஓய்வு பெறுவர். எனவே ஐந்தாண்டுக்கு 3 பேரை நியமித்து வந்தால் எண்ணிக்கை குறையாது. நிதி நெருக்கடி காரணமாகவோ, வழக்குகள் காரணமாகவோ பத்தாண்டுகள் நியமனம் நின்றுவிட்டால் 6 இடங்கள் காலியாகி, 12 பேரே எஞ்சுவர்.

இந்த 12 பேரிடம் வாரத்திற்கு 120 மணி நேரம் உள்ளது. விரிவுரைக்கு 42 மணி போக எஞ்சுவது 78 மணி. 30 பேர் கொண்ட ஒரு பிரிவை நான்காண்டுகளும் முறையாகப் பயிற்றுவிக்கச் செய்முறைக்கு 48 மணியும் மேற்பார்வைக்கு 21 மணியுமாக 69 மணி தேவை. ஆகவே இக்கல்லூரி நேர்மையாகப் பயிற்றுவிக்கக் கூடியது ஒரு பிரிவை மட்டுமே. ஏட்டில் 60 இடங்கள் இருக்கலாம். அதன் உண்மையான பயிற்றுவிக்கும் திறன் ஆண்டுக்கு 30 பேரைச் சற்றே மிஞ்சும் அளவுதான். இந்நிலையில் சேர்க்கையை 120 ஆக்கினால் செய்முறைத் தேவையில் 28 சதவீதமே நிறைவேறும்.

அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் கொண்டு விகிதம் கணக்கிடும்போது இவ்வுண்மை மறைந்து போகிறது. 240 மாணவர்களுக்கு 18 இடங்கள் என்றால் ஓர் ஆசிரியருக்கு 13 பேர் என்று அறிக்கை கூறும். பணியில் இருப்போரைக் கொண்டு கணக்கிட்டால் 20 பேர். எனவே மதிப்பீட்டாளர் முதலில் கேட்க வேண்டியது, சம்பளப் பட்டியலில் இன்று எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதே.

துறைவாரித் தேவை

மணிக் கணக்கு மட்டும் முழுமையான விடை தராது. உழவியல், மண்ணியல், மரபியலும் பயிர்ப் பெருக்கமும், பூச்சியியல், பயிர் நோயியல், தோட்டக்கலை, பயிர் வினையியல், வேளாண் பொருளாதாரம், விரிவாக்கக் கல்வி, வேளாண் பொறியியல், கால்நடை வளர்ப்பு, புள்ளியியல் எனப் பன்னிரண்டு துறைகளேனும் ஒரு கல்லூரியில் இருந்தாக வேண்டும். பொருளாதார ஆசிரியர் பூச்சியியல் செய்முறையை நடத்த முடியாது. ஓய்வு பெறுதலும் துறைகளுக்கிடையே சமமாக நிகழ்வதில்லை. 12 பேர் எஞ்சியிருக்கும் கல்லூரியில் உழவியலில் மூவர் இருக்க, பயிர் நோயியலில் ஒருவரும் இல்லாத நிலை ஏற்படக்கூடும். ஆகவே துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட இடம், பணியில் இருப்போர், அடுத்த ஐந்தாண்டில் ஓய்வு பெறுவோர் என்னும் மூன்று பத்திகளைக் கொண்ட பட்டியல் ஒவ்வொரு கல்லூரியிலும் தயாராக இருத்தல் வேண்டும்.

ஆசிரியரல்லாத பணியாளரையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். பண்ணை மேலாளர், ஆய்வக உதவியாளர், டிராக்டர் ஓட்டுநர், களப் பணியாளர் ஆகியோர் இன்றிச் செய்முறை வகுப்பு நடவாது. மாணவர் ஒவ்வொருவருக்கும் பயிர் சாகுபடிப் பயிற்சிக்கு 100 சதுர மீட்டர் நிலம் ஒதுக்கினால் 120 பேருக்கு 1.2 ஹெக்டேர் போதும். அந்த நிலத்திற்குப் பருவத்தில் தண்ணீர் பாய்ச்சவும், விடுமுறையில் பயிரைக் காக்கவும் ஆள் இல்லையெனில் நிலம் இருந்தும் பயனில்லை. வேளாண் கல்வியில் பெண்கள் பெருமளவில் சேர்ந்து வருவதால் மகளிர் விடுதியின் கொள்ளளவும் சேர்க்கையை நிர்ணயிக்கும் காரணியாகிவிட்டது.

பட்டதாரிகளுக்கான தேவை

எத்தனை பேரைப் பயிற்றுவிக்க இயலும் என்பது ஒரு பக்கம். எத்தனை பேர் தேவை என்பது மறுபக்கம். தொடக்க காலத்தில் மாநில வேளாண் துறைகளே பட்டதாரிகளுக்கு வேலையளித்தன. 1970-களின் நடுப்பகுதியில் தொடங்கிய பயிற்சி-பார்வையிடல் விரிவாக்க முறை அத்தேவையை மேலும் பெருக்கியது. 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையானதும், 1982-இல் நபார்டு வங்கி தோன்றியதும் ஊரகக் கடன் துறையில் வேளாண் பட்டதாரிகளுக்கு இடமளித்தன. அரசுப் பணிகள் குறைந்த காலத்தில், 2002-இல் மத்திய அரசு வேளாண் மருத்துவமனைகள், வேளாண் வணிக மையங்கள் திட்டத்தைத் தொடங்கிச் சுயதொழிலுக்கு வழிவகுத்தது. விதை, பூச்சிமருந்து, உணவு பதப்படுத்தல் நிறுவனங்களும் பட்டதாரிகளை நாடுகின்றன.

இம்மாற்றத்தில் ஓர் உட்பொருள் உண்டு. அரசுத் துறையில் சேர்ந்தவர் தம் பயிற்சிக் குறையைப் பணியிடைப் பயிற்சியில் ஈடுசெய்துகொள்ள இயன்றது. சொந்தமாக மண் பரிசோதனை நிலையமோ நாற்றங்காலோ நடத்துபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே பட்டதாரிகளின் தேவை சுயதொழிலை நோக்கி நகரும் அளவுக்குச் செய்முறைப் பயிற்சியின் தேவை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

பற்றாக்குறைக் கால ஏற்பாடுகள்

காலியிடங்கள் நிரம்பும் வரை கல்லூரிகள் சில ஏற்பாடுகளை மேற்கொள்கின்றன. ஒப்பந்த ஆசிரியர் நியமனம் அவற்றுள் ஒன்று. இது வகுப்பை நடத்த உதவும். ஆனால் பருவத்தின் நடுவே வேறு வேலை கிடைத்துச் செல்வோரை நம்பி ஆராய்ச்சியையோ முதுநிலை வழிகாட்டலையோ திட்டமிட முடியாது. தொலைக்காட்சித் திரை வழியாகவும் இணையம் வழியாகவும் விரிவுரைகளைப் பகிர்ந்துகொள்வது மற்றொன்று. மேற்கண்ட கணக்கின்படி அது 42 மணியைக் குறைக்கும். 138 மணியைக் குறைக்காது. வேளாண் அறிவியல் நிலையங்களின் வல்லுநர்களைச் செய்முறைக்குப் பயன்படுத்துவது இவற்றினும் பயனுள்ளது. 1974-இல் புதுச்சேரியில் முதலாவதாகத் தொடங்கப்பட்ட இந்நிலையங்கள் இன்று 700-க்கும் மேற்பட்டுள்ளன. ஆயினும் அவற்றின் வல்லுநர்களுக்கும் சொந்தப் பணிகள் உண்டு என்பதை மறத்தலாகாது.

சிறிய மாநிலங்களுக்கு வடகிழக்கின் அனுபவம் வழிகாட்டத்தக்கது. 1993-இல் இம்பாலைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய மத்திய வேளாண் பல்கலைக்கழகம் பல மாநிலங்களுக்குப் பொதுவானது. அது ஒவ்வொரு மாநிலத்திலும் எல்லாப் பிரிவுகளையும் தொடங்க முற்படவில்லை. மணிப்பூரில் வேளாண்மை, மிசோரமில் கால்நடை மருத்துவம், திரிபுராவில் மீன்வளம், அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் தோட்டக்கலையும் வனவியலும், சிக்கிமில் வேளாண் பொறியியல், மேகாலயாவின் துராவில் மனையியல் என்று கல்லூரிகளைப் பகிர்ந்தளித்தது. கிடைத்தற்கரிய வல்லுநர்களைப் பல இடங்களில் சிதறவிடாமல் துறைக்கோர் இடத்தில் திரட்டியதே இதன் சிறப்பு. மாணவர் மாநிலம் கடந்து சென்று பயில நேர்வது இதன் சுமை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு வேளாண் கல்லூரியை மதிப்பிடுவோர் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும். செய்முறைப் பிரிவு ஒன்றில் உண்மையில் எத்தனை பேர் உள்ளனர்? வாரத்திற்கு மொத்தம் எத்தனை கற்பித்தல் மணி தேவை? பணியில் உள்ள ஆசிரியர்கள் எத்தனை மணி தரவல்லவர்கள்? எந்தத் துறையில் ஆளே இல்லை? அடுத்த ஐந்தாண்டில் யார் யார் ஓய்வு பெறுகின்றனர்? இவ்விடைகளிலிருந்து சேர்க்கை எண்ணிக்கை பெறப்பட வேண்டுமேயன்றி, சேர்க்கையை முதலில் அறிவித்துவிட்டு விடைகளைப் பின்னர் தேடுவது முறையாகாது.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இடங்களை உயர்த்தக் கோரும் ஒவ்வொரு முன்மொழிவுடனும் துறைவாரி ஆசிரியர் பட்டியலும் மணிக் கணக்கும் இணைக்கப்பட வேண்டும் என்னும் ஒரு நிர்வாக விதியே போதும். இடங்களுக்கான கோப்பும் பணியிடங்களுக்கான கோப்பும் அவ்விதியால் ஒன்றாகிவிடும். 30 இடங்களுக்கு ஒப்புதல் தருவோர் 7 ஆசிரியர்களுக்கும் சேர்த்தே ஒப்புதல் தருகின்றனர் என்பது அப்போது கையெழுத்திடும் நேரத்திலேயே தெரிந்துவிடும். நிதி இடங்கொடாத ஆண்டில் சேர்க்கையை உயர்த்தாமல் காத்திருப்பதும் திட்டமிடலின் ஒரு பகுதியே.